1957 ஏற்பாட்டைக் காப்பது யார்? பழமைவாத அரசியலில் மதமும் மதச்சார்பின்மையும்

மலேசியத் தமிழர்களின் அரசியல் பேச்சில் ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. பழமைவாதி என்றால் இஸ்லாமிய ஆட்சி கோரும் பாஸ் கட்சிக்காரர். மதச்சார்பின்மை என்றால் முற்போக்குக் கட்சிகளின் சரக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், ஜாதகம் பார்க்காமல் மகளுக்கு வரன் முடிக்காதவர், தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறவர் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம்? வாழ்க்கையில் அவர் அசல் பழமைவாதி. ஓட்டு மட்டும் மதச்சார்பற்ற அரசு வேண்டும் என்பவருக்கே விழுகிறது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. கணக்குத்தான் தப்பு.

இந்த நாட்டில் காப்பாற்றப்பட வேண்டிய அரசியல் மரபு என்று ஒன்று இருக்குமானால், அது 1957-இல் சுதந்திரம் வந்தபோது எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்த அரசியலமைப்பு ஏற்பாடு. இஸ்லாத்துக்குத் தனி இடம் கொடுத்து, மற்ற மதங்களுக்குக் காப்பளித்து, பொதுச்சட்டத்தை மதச்சார்பற்றதாக வைத்த ஏற்பாடு அது. அதைக் கட்டிக்காக்க நிற்பவரே பழமைவாதத்தின் வேலையைச் செய்கிறார். அதை மாற்றத் துடிப்பவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் மாற்றவாதிதான்.

பக்தி இல்லாத பழமைவாதமும் உண்டு

பழமைவாத அரசியலின் தந்தை என்று மேற்கத்தியர் சொல்லும் எட்மண்ட் பர்க் 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்தவர், அரசோடு இணைந்த திருச்சபையை ஆதரித்தவர் என்றுதான் அவரைப் பலரும் அறிவார்கள். தமிழர்கள் அறிய வேண்டிய முகம் ஒன்றும் அவருக்கு உண்டு. 1785-இல் ஆற்காடு நவாப்பின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியபோது, நவாப்பின் ஆட்சிக்குட்பட்ட கர்நாடிக் பகுதியில் பழைய மன்னர்கள் வெட்டி வைத்த ஏரிகளையும் குளங்களையும் எடுத்துச் சொல்லி, கம்பெனிக்காரர்களும் கடன் கொடுத்தவர்களும் அந்த நாட்டைச் சூறையாடியதைக் கண்டித்தார். பின்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது நடந்த நீண்ட விசாரணையிலும் இந்தியர்களின் சமயமும் வழக்கங்களும் மதிக்கப்பட வேண்டியவை என்று வாதாடினார். அவர் கிறிஸ்தவர். ஆனாலும் அடுத்தவர் மதத்தின் நிலைத்த அமைப்புகளைக் காப்பது தன் கொள்கைக்குள் அடங்கும் என்றே கருதினார். பல தலைமுறை சேர்ந்து கட்டியதை ஒரு தலைமுறை தன் இஷ்டத்துக்கு இடிக்கக் கூடாது என்பதுதான் அவருடைய அடிப்படை. கடவுள் நம்பிக்கை அதற்கு வலுச் சேர்க்கலாம். அந்த அடிப்படை நிற்பதற்கு அதுவே நிபந்தனை அல்ல.

அவருக்கு முந்திய தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் மதத்தின் மீது ஐயம் கொண்டவர். ஆனாலும் பழக்கத்தில் ஊன்றிய ஆட்சியை விரும்பினார். 20-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சிந்தனையாளர் மைக்கேல் ஓக்‌ஷாட், பழமைவாதம் என்பது கையில் இருப்பதைப் பேணும் மனப்பாங்கு, அதற்கு மத நம்பிக்கை தேவையில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். அமெரிக்காவில் பழமைவாதிகளின் தலைவராக இருந்த பாரி கோல்ட்வாட்டர், 1981-இல் தன் சொந்த அணிக்குள் புகுந்த மதக் குழுக்களையே செனட்டில் கடுமையாகச் சாடினார். ஆக, மதம் அரசாங்கத்தை நடத்த வேண்டும் என்ற கோரிக்கை பழமைவாதத்தின் ஒரு கிளை. அடிமரம் வேறு.

1957-இல் என்ன முடிவானது?

லார்ட் ரீட் தலைமையிலான ஐவர் ஆணையம் மலாயாவுக்கு அரசியலமைப்பு வரைந்தபோது, பெரும்பான்மை உறுப்பினர்கள் மதத்தைப் பற்றித் தனி விதி வேண்டாம் என்றே பரிந்துரைத்தார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த நீதிபதி அப்துல் ஹமீத் மட்டும் மாற்றுக் கருத்து எழுதினார். மலாய்க்காரர்களின் அம்னோ, சீனர்களின் மசீச, இந்தியர்களின் மஇகா மூன்றும் சேர்ந்த கூட்டணி கொடுத்த மனுவில் இஸ்லாம் நாட்டின் மதமாக இருக்கட்டும், அதனால் நாடு மதச்சார்பற்றதல்ல என்று ஆகிவிடாது என்று இரண்டும் சேர்ந்தே இருந்தன. 1957-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையும், இந்த அறிவிப்பு கூட்டரசின் மதச்சார்பற்ற நிலையை எவ்விதத்திலும் பாதிக்காது என்று எழுதி வைத்தது.

அப்படி வந்ததுதான் 3-ஆவது விதி. முதல் உட்பிரிவு இஸ்லாம் கூட்டரசின் மதம் என்கிறது. மற்ற மதங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்று அதே மூச்சில் சொல்கிறது. நாலாவது உட்பிரிவைப் பலர் படிப்பதேயில்லை. இந்த விதி அரசியலமைப்பின் வேறு எந்த விதியையும் குறைக்காது என்பது அதில் இருக்கிறது. 11-ஆவது விதி மத உரிமையைத் தருகிறது. ஒவ்வொரு சமயக் குழுவும் தன் காரியங்களைத் தானே நடத்தவும் சொத்து வைத்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரமும் தருகிறது. இந்தக் கடைசிப் பகுதி நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதுவும் ஏற்பாட்டின் ஒரு பங்கு. நமக்குச் சாதகமான வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவது நேர்மையாகாது.

1988-இல் சே ஒமார் வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைவர் துன் சாலே அபாஸ் தெளிவாகத் தீர்ப்பளித்தார். 3-ஆவது விதியில் சொல்லப்படும் இஸ்லாம் சடங்கு, சம்பிரதாயங்களைக் குறிக்கிறது, நாட்டின் பொதுச்சட்டம் மதச்சார்பற்றதே என்றார். அவர் பக்தியில் குறைந்தவர் என்று எவரும் சொல்ல முடியாது. 1983-இல் தமது 80-ஆவது பிறந்தநாளில் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இதையே வலியுறுத்தினார். மூன்றாவது பிரதமர் துன் உசேன் ஓனும் ஒத்துப் பேசினார். நாட்டை நிறுவிய தலைமுறையின் குரல் இது. 2001 செப்டம்பர் 29-ஆம் தேதி, ஆளும் கூட்டணியில் இருந்த கெராக்கான் கட்சியின் மாநாட்டில், மலேசியா ஏற்கெனவே இஸ்லாமிய நாடுதான் என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் பேச்சின் தரை மாறிவிட்டது. அன்று கூட்டணிக் கட்சிகள் காத்த மௌனத்துக்கு நாம் இன்றும் விலை கொடுக்கிறோம்.

பட்டர்வொர்த்தில் பிறந்த கட்சி

பாஸ் கிளந்தானில் பிறந்த கட்சி என்று நினைப்பவர்கள் அதிகம். 1951 நவம்பரில் பட்டர்வொர்த்தில்தான் அது அமைக்கப்பட்டது. அம்னோவின் உலாமா (மத அறிஞர்) பிரிவிலிருந்து பிரிந்து வந்தவர்கள் அதைத் தொடங்கினார்கள். 1956 முதல் தலைமை தாங்கிய டாக்டர் புர்ஹானுடின் அல்-ஹெல்மி காலத்தில் அது காலனி எதிர்ப்பு மலாய் தேசியமும் இடதுசாரிச் சாயலும் கலந்த கட்சி. 1982-இல், பினாங்கில் பிறந்த யூசோப் ராவா தலைமையேற்றதிலிருந்துதான் உலாமாக்களின் கட்டுப்பாடு முழுமையானது.

அதற்கு முந்திய ஆண்டு, திரெங்கானுவில், பின்னாளில் பாஸ் தலைவரான ஹாடி அவாங் ஆற்றிய உரை இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. காலனி ஆட்சி விட்டுச்சென்ற அரசியலமைப்பை வைத்துக்கொண்டிருப்பதாலேயே அம்னோவை எதிர்ப்பதாக அவர் அதில் சொன்னார். பழமைவாதத்தின் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். கையில் இருக்கும் அமைப்பை வேரோடு ஏற்க மறுத்து, கொள்கையிலிருந்து புதிய அமைப்பை வரைவது புரட்சிக்காரரின் வேலை. அம்னோ அப்படியல்ல. சுல்தான், மதம், மொழி, அடாட் என்னும் மலாய் வழக்கம் நான்கையும் ஒன்றாகக் கட்டி வைத்துக் காக்கும் பழைய பாணிப் பழமைவாதம் அதனுடையது.

மாக் யோங் கதை இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். கிளந்தானின் நூற்றாண்டுகள் பழமையான அந்த நாட்டிய நாடகத்தை, 1990-இல் ஆட்சிக்கு வந்த பாஸ் அரசு மேடையேறவிடாமல் தடுத்தது. அதில் ஆவி வழிபாட்டின் சாயல் இருக்கிறது, பெண்கள் ஆடுகிறார்கள் என்பவை காரணங்கள். 2005-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அருஞ்செல்வம் என்று அறிவித்தபோதும் சொந்த மண்ணில் தடை நீடித்தது. 2019-இல்தான் நிபந்தனைகளோடு தளர்ந்தது. நூலில் இருக்கும் மதம் ஊரில் இருக்கும் மரபை அழிக்கவும் செய்யும். இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். நம் தோட்டப்புற முனியாண்டியையும் காட்டேரியையும் ஒதுக்கிவிட்டு, ஆகம முறை என்ற பெயரில் கோபுரம் எழுப்பிக் கும்பாபிஷேகம் நடத்தியதும் அதே போக்குத்தான். தாத்தா பாட்டி கும்பிட்ட சாமிக்கு அங்கே இடமில்லாமல் போனது.

சட்டகம் எங்கே கிழிந்தது?

1988 ஜூனில் அரசியலமைப்பின் 121-ஆவது விதியில் (1ஏ) என்ற உட்பிரிவு சேர்ந்தது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் இருக்கும் விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அதன் சாரம். ஷரியா தீர்ப்புகளை சிவில் நீதிமன்றம் புரட்டிப்போடுவதைத் தடுப்பதே நோக்கம். சிக்கல் எங்கே வந்தது என்றால், அதிகாரங்களைக் கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் பிரித்துத் தரும் ஒன்பதாம் அட்டவணைப்படி ஷரியா நீதிமன்றம் இஸ்லாத்தைப் பின்பற்றுவோரை மட்டுமே விசாரிக்க முடியும். கணவன் மதம் மாறுகிறார், மனைவி இந்துவாகவே இருக்கிறார். மனைவி ஷரியா நீதிமன்றத்தில் ஏற முடியாது. சிவில் நீதிமன்றமோ இது எங்கள் வேலையில்லை என்று கதவைச் சாத்துகிறது. 2005 டிசம்பரில், மலேசிய எவரெஸ்ட் குழுவில் இருந்த மூர்த்தி இறந்தபோது அதுதான் நடந்தது. அவர் மதம் மாறியிருந்தாரா என்ற கேள்வியைத் தொட சிவில் நீதிமன்றம் மறுத்தது. மனைவி கேட்டும் உடல் முஸ்லிம் முறைப்படி அடக்கமானது.

2018 ஜனவரி 29-ஆம் தேதி, கணவன் மதம் மாறிப் பிள்ளைகளையும் மதம் மாற்றிய இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இந்தக் கிழிசலைத் தைத்தார்கள். பிள்ளையின் மதத்தை மாற்ற தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். நிர்வாகத்தின் செயலைச் சீர்தூக்கும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்தின் அடிப்படை அதிகாரம், (1ஏ) அதைப் பறிக்க முடியாது என்றார்கள். தீர்ப்பு வந்து பல ஆண்டுகளாகியும் தகப்பன் தூக்கிச்சென்ற கடைசி மகள் தாயிடம் வந்து சேரவில்லை. சட்டத்தில் வெல்வதும் கையில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தாய் நாட்டுக்கே காட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் நடைமுறை விவரம் தெரிந்திருப்பது நல்லது. சிவில் திருமணத்தில் இருக்கும் ஒருவர் இஸ்லாத்துக்கு மாறினால் அந்தத் திருமணம் தானாக ரத்தாவதில்லை. 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி மணவிலக்கு சிவில் நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும். முன்பு மதம் மாறாதவர் மட்டுமே மனுச் செய்யலாம். 2018 டிசம்பர் 15 முதல் இருவரில் எவரும், அல்லது சேர்ந்தும் மனுச் செய்யலாம். அதே திருத்தத்தில் வந்த 51ஏ, மதம் மாறியவர் மணவிலக்கு முடியுமுன் இறந்துவிட்டால், மதம் மாறாத மனைவி மக்கள் திருமணக்காலச் சொத்தில் பங்கு கேட்க வழி செய்கிறது. இவை இரண்டும் வேலை செய்ய வேண்டுமென்றால் திருமணம் தேசியப் பதிவிலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்களுக்கு இங்கேதான் அடி விழும்.

இபிஎப் என்னும் ஊழியர் சேமநிதிப் பணமும் கவனிக்க வேண்டிய ஒன்று. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் எழுதிவைத்த வாரிசுதாரருக்கு அந்தப் பணம் சொந்தம். உறுப்பினர் முஸ்லிம் என்றால் பெயர் எழுதப்பட்டவர் பணத்தைப் பெற்று ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பிரித்துக் கொடுக்கும் நிர்வாகி மட்டுமே. வீட்டில் ஒருவர் சொல்லாமல் மதம் மாறி இறந்துபோனால் பல காலம் சேர்த்த பணத்தின் நிலை இப்படித் தலைகீழாகும். 2016-இல் அரசு கொண்டுவந்த அசல் மசோதாவில் 88ஏ என்ற பிரிவு இருந்தது. பெற்றோரில் ஒருவர் மாறினாலும் பிள்ளை பழைய மதத்திலேயே தொடரும் என்பது அது. எதிர்ப்பு வந்ததும் அதை எடுத்துவிட்டுத்தான் 2017-இல் மசோதாவை நிறைவேற்றினார்கள். இப்போது பிள்ளைகளுக்கு இருக்கும் காப்பு நாடாளுமன்றச் சட்டமல்ல, நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு மாநிலச் சட்டம் வேறு மாதிரி எழுதியிருந்தால் மறுபடியும் வழக்குப் போட்டுத்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கிறது.

கோயில் நிலமும் ரதமும்

பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிறந்தது. அரசு நியமிக்கும் ஆணையர்கள் கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். மதச்சார்பின்மை என்பது அரசு மதத்தின் பக்கமே எட்டிப்பார்க்காதது என்று பிரெஞ்சுக்காரர் பாணியில் சொல்வோமானால், இந்த வாரியமே இருக்கக் கூடாது. நம் அனுபவம் வேறு. அரசு பூசையில் தலையிடாமல் கணக்கை மட்டும் பார்த்தால் கோயிலுக்கு நன்மை.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தைப்பூசமே பாடம். நகரத்தார்களின் வெள்ளி ரதம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் போகிறது. 2017-இல் அறப்பணி வாரியம் தங்க ரதத்தை இறக்கியது. எது முன்னே போவது, வேல் எதில் வருவது என்று சர்ச்சை எழுந்தது. அரசு நியமித்த வாரியமும் அரசின் கை படாத ஒரு சமூகத்தின் மரபும் ஒரே வீதியில் நின்றன. பொதுப்பணத்துக்கும் பொதுக்கோயிலுக்கும் பொறுப்பான வாரியம் ரதம் செய்யக் கூடாது என்றில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொந்தக் காசில் நடந்த வழிபாட்டுக்கு முதல் மரியாதை கொடுப்பதே மரபைப் பேணும் முறை. இரண்டு ரதமும் இப்போது போகின்றன. சாலையோரம் தேங்காய் உடைக்கிறவர்கள் இரண்டுக்கும் உடைக்கிறார்கள்.

கோலாலம்பூரில் நிலைமை கடினம். 2025 மார்ச்சில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் நாட்டையே ஆட்டியது. நூற்றாண்டு கடந்த கோயில். நிலமோ 2014-இல் தனியாருக்கு விற்கப்பட்டிருந்தது. அங்கே பள்ளிவாசல் எழுப்பத் திட்டம். கடைசியில் ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி மாற்றிடம் என்று முடிவானது. எத்தனை வருடம் கும்பிட்டோம் என்ற கணக்கு நில அலுவலகத்தில் செல்லாது. தேசிய நிலச் சட்டத்தின் 48, 341 பிரிவுகளின்படி நீண்டகாலம் அனுபவித்ததால் மட்டும் நிலத்தில் உரிமை வராது. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். கோயில் நிர்வாகம் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. முதலில் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் போட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சங்கப் பதிவை நடப்பில் வைத்திருக்க வேண்டும். அரசு நிலமாக இருந்தால் அதை வழிபாட்டுத் தலத்துக்கான ஒதுக்கீடாக அரசிதழில் அறிவிக்கக் கோர வேண்டும். கோபுரம் கட்டுமுன் மாநகர் மன்றத்தின் திட்ட அனுமதி பெற வேண்டும். நிலப்பத்திரத்தைத் தேடாமல் பல லட்சம் வெள்ளி திரட்டிக் கும்பாபிஷேகம் நடத்தும் கோயில்கள்தான் பிறகு தெருவுக்கு வருகின்றன. நம் பக்தியைக் கடைசியில் காப்பது மதச்சார்பற்ற ஒரு நிலச் சட்டம்.

நம் வாக்கும் நம் மரபும்

1929-இல் பெரியார் பினாங்கில் வந்திறங்கியதிலிருந்து இங்கே ஒரு சுயமரியாதை மரபு உண்டு. மூடநம்பிக்கையையும் சாதியையும் எதிர்த்து அது செய்த வேலை பெரிது. ஆனால் அதன் நிழலில் மதச்சார்பற்ற அரசு என்றாலே நாத்திக அரசு என்ற எண்ணம் பலருக்குத் தங்கிவிட்டது. 1970-இல் வந்த ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டைத் தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேளுங்கள். இறைவன் மீது நம்பிக்கை முதலில். பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம் அடுத்து. அரசியலமைப்புச் சட்டம் மூன்றாவது. எந்த இறைவன் என்று அது சொல்லவில்லை. இறைநம்பிக்கையும் அரசியலமைப்பும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நம் நாட்டுப் பழமைவாதம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

2022 பொதுத் தேர்தலில் பாஸ் மக்களவையின் மிகப் பெரிய தனிக்கட்சியானது. பினாங்கின் பெர்மாத்தாங் பாவ் தொகுதியையும் கைப்பற்றியது. 2023-இல் பினாங்குச் சட்டமன்றத்தின் 40 இடங்களில், பாஸ் அங்கம் வகித்த பெரிக்காத்தான் கூட்டணி 11-ஐ வென்றது. அந்த வாக்குகள் அத்தனையும் இஸ்லாமிய ஆட்சிக்கு விழுந்தவை அல்ல. விலைவாசி, ஊழல், அம்னோ மீதான வெறுப்பு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இப்போது அந்தக் கூட்டணி இந்தியர்களிடமும் வருகிறது. குடும்பம், ஒழுக்கம், கடவுள் பயம் எல்லாம் நமக்கும் பொதுவானவைதானே என்ற பேச்சோடு வருகிறது. அந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. மதிப்போடு உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்கலாம்.

முதல் கேள்வி 355-ஆவது சட்டம். ஷரியா நீதிமன்றம் விதிக்கக்கூடிய தண்டனைக்கு அது மூன்றாண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஹாடி அவாங்கின் தனிநபர் மசோதா அதை 30 ஆண்டு, 100,000 ரிங்கிட், 100 பிரம்படி என்று உயர்த்தக் கோரியது. அந்த மசோதா மறுபடி வந்தால் உங்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

இரண்டாவது, 2024 பிப்ரவரி 9-ஆம் தேதித் தீர்ப்பு. கிளந்தான் ஷரியா குற்றச் சட்டத்தின் 16 பிரிவுகள் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. அவை கூட்டரசின் அதிகாரத்தில் இருப்பவை, மாநிலம் சட்டம் இயற்ற முடியாது என்பது மட்டுமே காரணம். இஸ்லாத்தின் நிலை அங்கே விசாரிக்கப்படவில்லை. அதைத் தாண்ட ஒன்பதாம் அட்டவணையைத் திருத்தினால் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று தொடங்குவது, கலப்புக் குடும்பங்களில் எங்கே போய் நிற்கும்? எழுத்தில் பதில் கேளுங்கள்.

மூன்றாவது, 88ஏ. இந்தக் கேள்வி பெரிக்காத்தானுக்கு மட்டுமல்ல. 2017-இல் அதைக் கைவிட்ட, அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக்கும், அதன் பிறகு ஆட்சிக்கு வந்தும் அதைத் திரும்பக் கொண்டுவராத பக்காத்தான் கூட்டணிக்கும் சேர்த்தே இந்தக் கேள்வி. நம் தொகுதி வேட்பாளர் எந்தச் சின்னத்தில் நின்றாலும், அந்தப் பிரிவை மக்களவையில் ஆதரிப்பேன் என்று பெயர் போட்டுச் சொல்லத் தயாரா என்பதைப் பிரசாரம் முடியுமுன் கேட்டு வாங்கிவிட வேண்டும்.